வாடகைக்கு இருக்கும் மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மாமா அதைச் சொன்னார். வீட்டை விற்கப் போகிறார்கள். விற்றுவிட்டு அவரும் அத்தையும் வேறு நாட்டுக்குப் போகப் போகிறார்கள். சுற்றிப் பார்க்க அல்ல. இருக்க.

அங்கே எல்லாம் மலிவாம். இங்கே பாதி மாதத்தில் கரைந்துபோகிற பென்ஷன் அங்கே மாதக் கடைசி வரை வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்குமாம். ஜன்னலைத் திறந்தால் கடல். மாமாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, தினமும் சூரியன் இறங்குவதைப் படமெடுத்து அனுப்புகிறார்.

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அத்தை வந்து குழாயை மூடினார்.

அவர்கள் என் மனைவியின் அப்பா, அம்மா. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தோம். போன மழைக்காலத்தில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதன் பிறகும் நான் அதே அறையில் இருக்கிறேன். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

அன்று காலை மாடிப்படி இறங்கும்போதே கூடத்தில் ஏதோ குறைந்தது. எங்கள் கல்யாணப் படம் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருந்தது. அத்தை ஸ்டூலில் ஏறி அதே ஆணியில் காலண்டர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, படம்?"

"துடைக்கலாம்னு எடுத்தேன் மாப்பிள்ளை."

கையில் துடைக்கிற துணி எதுவும் இல்லை.

மச்சினி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் மனைவியின் தங்கை. மருந்துக்கடையில் வேலை, இரண்டு தெரு தள்ளி வீடு. எல்லோருக்கும் அவள் வாலு. கல்யாணம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

"அத்தான், உங்க ரூம்ல நாற்காலி மேல சட்டை மலை மாதிரி கிடந்துச்சு. வர்றவங்க அதைப் பார்த்தா வீடே வேணாம்னு ஓடிடுவாங்க."

"மடிச்சு வைக்கறேன்."

"மடிச்சாச்சு. நன்றி சொல்லலாம்."

"நன்றி."

"அம்மா, அத்தான் வாயைத் திறந்துட்டார். இன்னிக்கு வீடு வித்துடும்."

அக்கா இருந்தபோதும் என்னிடம் இப்படித்தான் பேசுவாள். இந்த வீட்டில் குரல் மாறாதவள் அவள் ஒருத்திதான்.

புரோக்கர் முன்கூட்டியே வந்துவிட்டார். எதையும் ரகசியம் போலவே சொல்கிறவர். மாமாவையும் அத்தையையும் சமையலறை வாசலுக்கு ஒதுக்கினார். நான் பக்கத்தில் நிற்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஒரே ஒரு விஷயம். மேல் ரூம்ல நடந்ததைப் பத்தி வாயே திறக்காதீங்க. சாவு விழுந்த வீடுன்னா பாதிப் பேர் படியே ஏற மாட்டாங்க."

"யாருமே சாகாத வீடு எங்கய்யா இருக்கு?" என்றார் மாமா.

"வயசானவங்க போனா பரவாயில்ல சார். அதை யாரும் கேக்கவே மாட்டாங்க."

மாமா தரையைப் பார்த்தார். அத்தை காலண்டர் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வந்தவர்கள் ஒரு தம்பதி. மாமா வயதுதான் இருக்கும். பல வருடங்களாகப் பணக்கார நாடு ஒன்றில் இருப்பவர்கள். அவர் தலையில் தொப்பி. அந்த அம்மாள் கையில் தண்ணீர் பாட்டில், அதை எங்கேயும் கீழே வைக்கவில்லை. பேச்சு நம் பேச்சுதான். அங்கங்கே துருப்பிடித்திருந்தது.

அந்த அம்மாள் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இவ்ளோ பெரிய வீடு இந்த விலைக்கா? எங்க ஊர்ல இந்த விலைக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கும். கார் இல்ல. இடம் மட்டும்."

"ரிடையர் ஆனப்புறம் அங்க காலம் தள்ள முடியாது சார்," என்றார் தொப்பிக்காரர் மாமாவிடம். "அதான் இங்க வந்துடலாம்னு பார்க்கறோம். இங்கதான் எல்லாம் மலிவு."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். வாலு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று தொப்பிக்காரர் கேட்டார். மாமா அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் அத்தையோடு மாடி ஏறினார். கதவைத் திறந்துவிட நானும் பின்னால் போனேன்.

என் அறை. ஜன்னல் பக்கம் கட்டில். சுவரோரம் கண்ணாடி. கண்ணாடி முன்னால் அவளுடைய சீப்பு. அதை நான் நகர்த்தியதில்லை. தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டுவேன்.

அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தார். "நல்ல வெளிச்சம். இங்க யார் இருக்காங்க?"

"ஒருத்தர் வாடகைக்கு இருக்கார்," என்றார் அத்தை. "காலி பண்ணிடுவார்."

அத்தை டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லைன் கிடைக்கவில்லை, காத்திருங்கள் என்று முகம் தெரியாதவர்களிடம் சொல்லிப் பழகிய குரல். அதே குரலில்தான் இதையும் சொன்னார். ஒரு பிசிறு இல்லை.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதானா அது? தனி ஆளா?"

"ஆமாம்," என்றேன்.

இரண்டு கேள்வி. ஒரு பதில். அதில் பாதி உண்மை.

"சத்தம் கித்தம் போடுவீங்களோ?"

"சத்தமே இருக்காதுங்க," என்றார் அத்தை. அது முழு உண்மை.

அவர்கள் வெளியே வரும்போது கண்ணாடி முன்னால் சீப்பைக் காணோம். அத்தையின் வலது கை மூடியிருந்தது. மூடிய கையோடுதான் படி இறங்கினார்.

நான் வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன்.

நான் பல் செய்கிறவன். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்து லேபில் வேலை. நோயாளியின் வாயில் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் பிளாஸ்டர் கலவையை ஊற்றினால் வாய் அப்படியே அச்சாக வரும். அச்சை வைத்துப் பல் செய்வேன். மற்றவர்கள் கடிப்பதற்கு, சிரிப்பதற்கு.

மாமாவுக்குக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. பல் வைத்தியமும் அங்கே மலிவு, இங்கே வீண் செலவு வேண்டாம் என்று கடல் படம் அனுப்புகிற நண்பர் சொல்லியிருந்தார். மாமா கேட்கவில்லை. "கடலை அங்க பார்த்துக்கறேன். பல்லு என் மாப்பிள்ளை செஞ்சதுதான்." அளவெடுக்க அன்று மத்தியானம் வரச் சொல்லியிருந்தேன். அளவெடுப்பது டாக்டர் வேலைதான். வீட்டு ஆள் என்பதால், "நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் அதன் நெம்புகோலைக் குனிந்து பார்ப்பார்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்தறவங்ககிட்ட, பதட்டப்படாதீங்க, மூச்சை விடுங்கன்னு வெளியில இருந்து நான்தான் சொல்வேன். இப்ப எனக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன். மூக்கால மூச்சு விடுங்க."

பசையைக் குழைத்தேன். இளஞ்சிவப்பு நிறம், புதினா வாசனை. லாடம் போல வளைந்த தட்டில் நிரப்பி அவர் மேல்வரிசையில் வைத்து அழுத்தினேன். இறுகும் வரை அசையக் கூடாது, பேசவும் முடியாது.

அவர் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவரால் பதில் சொல்ல முடியாது என்பதால்தானோ என்னவோ, வந்துவிட்டது.

"அத்தை என்னை வாடகைக்கு இருக்கறவர்னு சொன்னாங்க."

மாமாவின் கண்கள் விளக்கிலிருந்து இறங்கி என்னிடம் வந்தன. அடுத்த நொடி என் கையைத் தள்ளிவிட்டுத் தட்டைப் பிடுங்கி எடுத்தார். பாதி இறுகிய பசை இழை இழையாக மீசையிலும் சட்டையிலும் ஒட்டியது.

"யார்கிட்ட?"

"வந்தவங்ககிட்ட. நீங்க மோட்டார் காட்டிட்டு இருந்தப்ப."

"நீ என்ன சொன்னே?"

கல்யாணத்திலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். அழுத நாளில்கூட.

"ஆமாம்னேன்."

"ஏன்டா?"

தட்டைப் பார்த்தேன். அளவு கெட்டுப்போயிருந்தது.

"துடைச்சுக்கங்க மாமா."

"அதை விடு. ஏன் ஆமாம்னே?"

"நீங்க போறதை முன்னாடி என்கிட்ட சொல்லலை. கூட வர்றீங்களான்னும் கேக்கலை. அப்ப நான் அங்க யாரு?"

மாமா துண்டை வாங்கிக்கொண்டார். துடைக்கவில்லை.

"கேக்கணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் மாடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவேன்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா வந்துடுவே."

கெட்டுப்போன தட்டைத் தொட்டியில் போட்டேன்.

"பெட்டியைக் கட்டுன்னா கட்டுவே. எதுக்குன்னுகூடக் கேக்க மாட்டே. அங்க வந்து எங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துகிட்டு சூரியன் இறங்கறதைப் பார்த்துட்டு இருப்பே. நாங்க வேலை பார்த்துட்டு ரிடையர் ஆனோம். நீ முப்பது வயசுல ரிடையர் ஆயிடுவே."

மீசையில் இளஞ்சிவப்புப் பசையோடு அவர் அதைச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"இங்க இருந்தா மட்டும்?"

"இங்க எப்படி இருப்பே? வீடு இருக்காதே. அந்த ரூம் இல்லன்னா நீ எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

புரிய நேரம் பிடித்தது.

"மலிவுன்னுதானே மாமா போறீங்க?"

"மலிவுதான். அது பொய் இல்ல. ஆனா அது மட்டும்னா, என் ஃப்ரெண்டு முதல்ல கூப்பிட்டப்பவே போயிருப்பேனே? அப்ப அவ இருந்தா. மனசு வரலை."

மறுபடி பசை குழைத்தேன். இந்த முறை அவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். தட்டை எடுத்ததும் சட்டையைப் பார்த்துவிட்டு, "உங்கத்தை திட்டுவா," என்றார். போய்விட்டார்.

கலவையை ஊற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன். சாயங்காலம் அச்சைப் பிரித்தேன்.

மாமாவின் மேல்வரிசை. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்ப்பது போல.

அலமாரியின் மேல்தட்டில் இன்னொரு அச்சு இருக்கிறது. என் மனைவியுடையது. கல்யாணமான புதிதில் லேபுக்குப் புதுப் பசை வந்தபோது அவள் வாயில்தான் சோதித்துப் பார்த்தேன். தட்டு உள்ளே இருக்கும்போதே சிரித்துவிடுவாள். அளவு கெட்டுப்போகும். பல முறை கெட்ட பிறகுதான் ஒன்று தேறியது.

அதை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். அதே பக்கம். அதே பல். அதே திருப்பம்.

மாமாவிடம் இதைக் கவனித்ததே இல்லை. அவருக்கு அடர்ந்த மீசை. வாய்விட்டுச் சிரித்தால்தான் மேல்பல் தெரியும். அவர் சிரித்துப் பல நாள் ஆகிறது.

வீட்டுக்குப் போனபோது வாலுதான் கதவைத் திறந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"அத்தான், உக்காந்துட்டுக் கேளுங்க."

உட்கார்ந்தேன். மாமா வேறு சட்டையில் இருந்தார். அத்தை எதிர் நாற்காலியில், கையில் அந்தச் சீப்பு. சோபாவுக்குப் பின்னால் கல்யாணப் படம், சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வீடு பிடிச்சிருக்காம். வாங்கிக்கறாங்களாம்," என்றாள் வாலு.

"சரி."

"சரின்னுடாதீங்க. இன்னும் இருக்கு. அவங்க இங்க வந்து சேர ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். அதனால மாடியில இருக்கறவர் அப்படியே இருக்கணுமாம்."

"மாடியில இருக்கறவர்?"

"நீங்கதான். வாடகைக்கு இருக்கறவர். தனி ஆள், சத்தம் போட மாட்டார். அவங்களுக்கு வீட்டைவிட உங்களைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தான். நீங்க இருந்தாத்தான் வாங்குவாங்க. இல்லேன்னா முனை வீட்டைப் பார்க்கப் போறாங்க."

நான் அத்தையைப் பார்த்தேன்.

"நான் சரின்னுட்டேன் மாப்பிள்ளை," என்றார் அத்தை.

"என்னைக் கேக்கலை. அவனையும் கேக்கலை," என்றார் மாமா.

"அவனா?" அத்தை திரும்பினார். "எப்ப இருந்து?"

"மத்தியானத்துல இருந்து."

அத்தை சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்ன பண்ணட்டும்? சாவைச் சொல்லாதேன்னுட்டார் அந்தாள். இவர் எங்க மாப்பிள்ளைன்னு சொன்னா, பொண்ணு எங்கேன்னு அந்தம்மா கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்றது? வெளியூர் போயிருக்கான்னா?"

"அம்மா, அதுக்கு வாடகைன்னா சொல்வே?" என்றாள் வாலு. "அக்கா புருஷனை?"

"வாய்ல அதான் வந்துச்சு." ஆபரேட்டர் குரல் எங்கோ இழுபட்டது. "அப்புறம் அவங்க இப்படிக் கேட்டப்ப, நல்லதுதானேன்னு பட்டுச்சு. நீங்க இருந்தா அந்த ரூம் அப்படியே இருக்கும் மாப்பிள்ளை. கட்டில், கண்ணாடி, எல்லாம். நாங்க அங்க உக்காந்துகிட்டு, அவ ரூம்ல லைட் எரிஞ்சிட்டிருக்கும்னு நினைச்சுக்கலாம். இல்லேன்னா நான் எப்படிப் போவேன்?"

நான்கு நாட்களாக, என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மாமா என்னை அந்த அறையிலிருந்து கிளப்ப வீட்டையே விற்கிறார். அத்தை அந்த அறைக்கு விளக்குப் போட என்னை விட்டுவைக்கிறார். இருவரும் ஒரே விமானத்தில் போகப் போகிறவர்கள். ஒருவர் மனது ஒருவருக்குத் தெரியாது.

"அத்தை," என்றேன். "காலையில நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"எது?"

"காலி பண்ணிடுவார்னு சொன்னீங்களே. காலி பண்ணிடறேன்."

வாலு எழுந்து நின்றுவிட்டாள். "அத்தான்! நீங்க போனா அவங்க வாங்க மாட்டாங்க. வீடு நிக்கும். இவங்க போறது நின்னுடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? எங்க போவீங்க?"

"தெரியாது."

மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண் நிறைய, வாய்விட்டு. "போகச் சொல்லி நான் வீட்டையே விக்கறேன். இவன் போறேன்னா வீடு விக்காது! மேலயும் போகாம கீழயும் வராம, எந்த லிஃப்டும் இப்படி மாட்டினதில்ல!"

மீசை மேலே ஏறியது. அந்தப் பல் தெரிந்தது. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தது.

அத்தையும் அதைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த சீப்பு தரையில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

போன் அடித்தது.

"அந்தம்மாதான்," என்றாள் வாலு எட்டிப் பார்த்து. "மாடியில இருக்கறவரையும் கேட்டுட்டு ராத்திரிக்குள்ள முடிவா சொல்றேன்னு நீதானேம்மா சொன்னே."

அத்தை போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தக் குரலுக்காக நாங்கள் மூவரும் காத்திருந்தோம். வரவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். பிறகு போனை நீட்டினார். மாமாவிடம் இல்லை. என்னிடம்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" காலையில் கேட்ட அதே குரல். "யார் பேசறது?"

"இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை," என்றேன்.

"அப்படியா? காலையில உங்களைப் பார்க்கவே இல்லையே." அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னார். "அவங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கறதையே அவங்க சொல்லலை. அந்தப் பொண்ணு எங்க இருக்காங்க?"

அத்தைக்கு அந்தக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கண்களை மூடிக்கொண்டார். மாமா சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

மூக்கால் மூச்சு விட்டேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.